ஏழாண்டுப் போர்க் காலாட்படைச் சீருடைகள்: பொம்மைப் படைக்கு வண்ணம் தீட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினெட்டாம் நூற்றாண்டுப் படை ஒன்றைத் தீட்ட விரும்புகிறேன். முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

ஆண்டை முடிவு செய்யுங்கள். நாட்டையும் ரெஜிமெண்டையும் (தனிப் பெயரும் நிறமும் கொண்ட படைப்பிரிவு) அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நூறு ஆண்டுகளில் காலாட்படையின் உடை பலமுறை மாறியிருக்கிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் தொளதொளவென்று முழங்கால் வரை தொங்கிய கோட்டு, நடுப்பகுதியில் மார்பிலும் கையிலும் வாலிலும் மடித்துத் தைக்கப்பட்டது. இறுதியில் உடலோடு ஒட்டிய குறுகிய வடிவத்தை அடைந்தது. கடையில் "பதினெட்டாம் நூற்றாண்டு வீரர்கள்" என்று பெட்டியில் எழுதி விற்கப்படும் பொம்மைகள் இந்த மூன்றில் எதைச் சேர்ந்தவை என்று பார்க்காமல் வாங்கிவிட்டால், பின்னர் எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் பிழை பிழையாகவே நிற்கும்.

பிரிட்டன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1751இல் வந்த அரச ஆணை ரெஜிமெண்ட்களின் எண்களையும் நிறங்களையும் வரையறுத்தது. 1768இல் வந்த ஆணை அவற்றில் பலவற்றை மாற்றியது. 1759ஆம் ஆண்டு மிண்டன் போரில் நின்ற வீரருக்கு வெள்ளை உட்சட்டையும், எறிகுண்டு வீரருக்குக் கரடித்தோல் தொப்பியும் தீட்டினால், ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே புது உடையை மாட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

இனி வரும் விடைகள் அனைத்தும் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரை (ஜெர்மனியின் பிரஷ்யாவும் பிரிட்டனும் ஒருபுறம்; ஆஸ்திரியா, பிரான்ஸ், ரஷ்யா மறுபுறம்) மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்தக் காலத்துப் பொம்மைகள் எல்லா அளவுகளிலும் கிடைக்கின்றன; ஐரோப்பாவின் பெரிய படைகள் அனைத்தும் களத்தில் இருந்தன.

சீருடையின் உறுப்புகளைப் பற்றிப் படிக்கும்போது குழப்பமாக இருக்கிறது. எளிமையாக விளக்க முடியுமா?

கோட்டை ஒரு நிறத் துணியாலும் அதன் உள்துணியை வேறொரு நிறத்தாலும் தைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மார்பைத் திறந்து இருபுறமும் மடித்துப் பொத்தானிட்டால் உள்நிறம் வெளியே தெரியும். அது மார்பு மடிப்பு. கையின் முனையை மேலே மடித்தால் கை மடிப்பு. நடக்கும்போது தடுக்காமல் இருக்க வால்களின் முனையைப் பின்னால் இழுத்துக் கொக்கியிட்டால் வால் மடிப்பு. இந்த மடிப்புகளில் தெரியும் நிறமே ஒரு ரெஜிமெண்டை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது. எனவே இங்கே அதை மடிப்பு நிறம் என்றே குறிப்பிடுகிறேன். காலப்போக்கில் மடிப்புகள் தனித் துணியாலேயே தைக்கப்பட்டன. அதனால் எல்லா மடிப்புகளும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் போயிற்று. பிரஷ்யப் படையில் கை மடிப்பு எந்த நிறமாக இருந்தாலும் வால் மடிப்பு சிவப்பாகவே இருப்பது இதனால்தான்.

கோட்டுக்குள்ளே நீண்ட உட்சட்டை, முழங்காலோடு முடியும் கால்சட்டை, அதற்குமேல் தொடை வரை ஏறும், பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான் வைத்த துணிக் காலுறை, தலையில் மும்முனைத் தொப்பி. தோளிலிருந்து குறுக்காக இறங்கும் அகன்ற தோல்வாரில் தோட்டாப் பெட்டி தொங்கும். சாதாரண வீரர் ஒருவரைத் தீட்ட இவ்வளவு தெரிந்தால் போதும்.

பிரஷ்ய நீலத்தை எப்படித் தீட்டுவது? என்னுடைய வீரர்கள் கறுப்பாகவோ வான நீலமாகவோ ஆகிவிடுகிறார்கள்.

மிகுதியாக வரும் கேள்வி இதுதான்; பெயரே வழிதவறச் செய்கிறது. "பிரஷ்ய நீலம்" என்று வண்ணக் குப்பியில் எழுதப்பட்டிருப்பது, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்ட ஓவிய நிறமி. வீரர்களின் கம்பளித் துணியோ அவுரி போன்ற செடிச் சாயத்தில் தோய்த்தெடுக்கப்பட்டது. ஆகவே பெயரைப் பார்த்துக் குப்பியை வாங்க வேண்டாம். பலமுறை தோய்த்த கம்பளி, சில அடி தூரத்திலிருந்து பார்க்கும்போது கருமைக்கு மிக அருகிலுள்ள நீலமாகத் தெரியும். அந்த நிறத்தைத் தேடுங்கள்.

கறுப்புப் பிரைமரின்மேல் (வண்ணம் ஒட்டுவதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சு) கறுப்பும் கருநீலமும் கலந்த கலவையை முழுக்கப் பூசுங்கள். அது காய்ந்தபின், துணிச் சுருக்கங்களின் பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டு, கலக்காத கருநீலத்தை மேடுகளில் பூசுங்கள். மூன்றாவது பூச்சு தோள், முழங்கை, வாலின் விளிம்பு ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டும் உரியது. தவறு நேர்வது இந்தப் பூச்சில்தான். வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலந்தால் நீலம் உடனே வான நிறத்துக்கு ஓடிவிடும்; வெளிர்நீலம் அணிந்த பவேரியப் படை உங்கள் மேசையில் பிறந்துவிடும். வெள்ளைக்குப் பதிலாக நடுத்தரச் சாம்பலை ஒரு துளி கலந்தால், துணி வெளுத்ததுபோல் தெரியும், நிறமும் மாறாது.

அதன்பின் எல்லாம் எளிது. சிவப்பு வால் மடிப்பு, ரெஜிமெண்டுக்கு ஏற்ப வெள்ளை, வைக்கோல் நிறம் அல்லது மஞ்சளில் உட்சட்டையும் கால்சட்டையும், கறுப்புக் காலுறை. மஸ்கெட்டியர், ஃபியூசிலியர் என்று பிரஷ்யக் காலாட்படை ரெஜிமெண்ட்களில் இரு வகை உண்டு: மஸ்கெட்டியர் வீரருக்குச் சிவப்புக் கழுத்துத்துணி, ஃபியூசிலியர் வீரருக்குக் கறுப்பு. பெரும்பாலான ரெஜிமெண்ட்களுக்குச் சிவப்பு மடிப்பு நிறம் என்பதால், பல ரெஜிமெண்ட்களைச் சேர்த்து அடுக்கும்போது சலிப்பு ஏற்படலாம். அப்போது இளவரசரின் பெயரைத் தாங்கிய 18ஆம் ரெஜிமெண்டைத் தீட்டிப் பாருங்கள்: கருநீலத்தின்மேல் ரோஜா நிற மடிப்பு. சில ரெஜிமெண்ட்களுக்கு மார்பு மடிப்பே கிடையாது. பொம்மை வாங்குமுன் இதைச் சரிபார்ப்பது நல்லது. ரெஜிமெண்ட்களின் எண்கள் பிற்கால வசதிக்காகப் புழங்குபவை. போர்க்காலத்தில் அவை தலைவரின் பெயரால் அழைக்கப்பட்டன, தலைவர் மாறினால் பெயரும் மாறியது.

ஆஸ்திரிய வெள்ளைக் கோட்டைப் பளிச்சென்ற வெள்ளையில் தீட்டலாமா?

கூடாது என்பதே என் கருத்து. அந்தத் துணி சாயமேற்றாத ஆட்டுக் கம்பளி. வெளுக்காத கோராத் துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதன் நிறத்தில் சிறிது சாம்பலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; தேவையான அடிநிறம் கிடைத்துவிடும். அணிவகுப்புக்கு முன் வீரர்கள் வெண்களிமண்ணைத் தேய்த்து வெண்மையாக்கிக்கொண்டார்கள். பல வாரம் மழையிலும் சேற்றிலும் நடந்த படையில் அந்த வெண்மை நின்றிருக்காது.

சாம்பல் பிரைமரின்மேல் இளஞ்சூடான சாம்பல், அதன்மேல் கோரா நிறம், மேடுகளில் மட்டும் கோராவும் வெள்ளையும் கலந்த பூச்சு என்று மூன்று அடுக்காகச் செல்லுங்கள். தூய வெள்ளையைத் தோல்வார்களுக்கு ஒதுக்கி வையுங்கள். வார் கோட்டைவிட ஒரு படி வெண்மையாக இருந்தால்தான் இரண்டும் பிரிந்து தெரியும். அவை தொடும் இடத்தில் நீர்த்த பழுப்பால் மயிரிழை போன்ற கோடு ஒன்றை இழுத்துவிட்டால், மூன்றடி தூரத்திலிருந்தும் வாரைக் கண்டுகொள்ளலாம்.

வெள்ளைப் படை தீட்டுபவர்களுக்கு என் சொந்த அனுபவத்திலிருந்து ஓர் எச்சரிக்கை. இருபத்துநான்கு ஆஸ்திரியர்களை இரண்டு மாதம் உட்கார்ந்து முடித்தபின், அடைமழை நாளொன்றில் மொட்டை மாடிப் படிக்கட்டில் நின்று மேட் வார்னிஷைத் தெளித்தேன். காற்றிலிருந்த ஈரத்தால் அனைவர்மீதும் பூஞ்சை படர்ந்ததுபோல் வெண்மூட்டம் கவிந்துவிட்டது. கோட்டுகளில் அது வெண்களிமண் போலவே தெரிந்தது என்பது ஆறுதல்; ஆனால் கறுப்புக் காலுறைகளும் தொப்பிகளும் சுண்ணாம்பில் விழுந்து எழுந்தவைபோல் இருந்தன. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒருமுறை பூசியதும் மூட்டம் பெரும்பாலும் மறைந்தது. வெயில் அடித்த பிறகு மேட் வார்னிஷைத் தூரிகையாலேயே பூசி முடித்தேன். மழைக்காலத்தில் தெளிப்பானைத் தொடாதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்களும் வெள்ளைதானே? ஆஸ்திரியப் பொம்மைகளையே பயன்படுத்திக்கொள்ளலாமா?

நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வெட்டு வேறு. இந்தப் போரின் பெரும்பகுதியில் பிரெஞ்சு ரெஜிமெண்ட்கள் பலவற்றுக்கு மார்பு மடிப்பு இல்லை. ஆஸ்திரியப் படையின் ஜெர்மன் ரெஜிமெண்ட்களுக்கு மார்பு மடிப்பு உண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டுமானால் கத்தியால் செதுக்க வேண்டியிருக்கும். தனியாக வாங்குவதே மேல். பிரெஞ்சுப் படையில் ரெஜிமெண்டை அடையாளம் காட்டியவை கை மடிப்பின் நிறம், உட்சட்டையின் நிறம், பொத்தானின் உலோகம், பைமடலின் வடிவம், பொத்தான்களை எத்தனை எத்தனையாகச் சேர்த்து வைத்தார்கள் என்பது ஆகியவை. கடைசி இரண்டும் பொம்மையில் செதுக்கப்பட்டு வருபவை. 15 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகளில் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் படை முழுவதும் வெள்ளை என்று எண்ணிவிடக் கூடாது. அதில் பணியாற்றிய சுவிஸ் ரெஜிமெண்ட்களும் ஐரிஷ் ரெஜிமெண்ட்களும் சிவப்பு அணிந்தன. ஜெர்மன் ரெஜிமெண்ட்கள் நீலம் அணிந்தன. ஆஸ்திரியப் படையிலும் அங்கேரிய ரெஜிமெண்ட்கள் தனி அழகு: மேலே வெள்ளைக் கோட்டு, கீழே காலோடு ஒட்டிய வண்ணக் கால்சட்டை, கணுக்கால் வரையிலான பாதணி. வெள்ளை வரிசைக்கு நடுவே ஒரு அங்கேரிய ரெஜிமெண்டை நிறுத்திப் பாருங்கள், மேசை உயிர் பெறும்.

பிரிட்டிஷ் சிவப்பு எந்தச் சிவப்பு?

இரண்டு சிவப்புகள். சாதாரண வீரர்களின் துணி மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரில் தோய்த்தது. சற்றே செங்கல் சாயல் கொண்ட, மங்கலான சிவப்பு. அதிகாரிகளின் துணி கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சாயம் ஏற்றியது, பளிச்சிடும் செந்நிறம். எனவே வீரர்களுக்குச் செங்காவி அடிப்பூச்சின்மேல் நடுத்தரச் சிவப்பையும், அதிகாரிகளுக்கு மட்டும் ஆரஞ்சு கலந்த பிரகாசமான சிவப்பையும் பயன்படுத்துங்கள். முப்பது வீரர்களுக்கு நடுவில் நிற்கும் அதிகாரி, வேறு எந்த அடையாளமும் இல்லாமலேயே கண்ணில் படுவார். கறுப்புப் பிரைமரின்மேல் நேரடியாகச் சிவப்பைப் பூசினால் அது சாம்பிப்போகும்.

உட்சட்டையும் கால்சட்டையும்கூடச் சிவப்பே; சென்ற ஆண்டின் பழைய கோட்டை வெட்டி இந்த ஆண்டின் உட்சட்டையைத் தைப்பது அப்போதைய வழக்கம். எனவே உட்சட்டையைக் கோட்டைவிட ஒரு படி வெளுத்த சிவப்பாகத் தீட்டுவது பொருத்தமாக இருக்கும். நீல மடிப்புகொண்ட அரச ரெஜிமெண்ட்களுக்குக் கால்சட்டை நீலம்.

மிண்டன் களத்தில் நின்ற ஆறு பிரிட்டிஷ் ரெஜிமெண்ட்கள் தொடக்கநிலையினருக்கு நல்ல திட்டம். 12, 25, 37 ஆகியவற்றுக்கு மஞ்சள் மடிப்பு, 20க்கு வெளிர்மஞ்சள், 23க்கு நீலம், 51க்குப் பச்சை. அன்று அவர்கள் வழியில் ரோஜாக்களைப் பறித்துத் தொப்பியில் செருகிக்கொண்டார்கள் என்பது பிற்காலத்தில் வேரூன்றிய மரபு. அவற்றின் வழித்தோன்றல் ரெஜிமெண்ட்கள் ஆகஸ்ட் 1 அன்று ரோஜா அணிகின்றன. ரோஜாவைத் தீட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் கொடி ஏந்துபவருக்கு மட்டும் ஒன்று வைத்தேன்.

அருகில் நின்ற ஹனோவர் (பிரிட்டிஷ் மன்னரே ஆண்ட ஜெர்மன் நாடு) படையும் சிவப்பே. அதிகாரியின் கச்சையைப் பாருங்கள்: பிரிட்டிஷ் அதிகாரிக்குக் கருஞ்சிவப்பு, தோளிலிருந்து குறுக்காக, ஹனோவர் அதிகாரிக்கு மஞ்சள்.

எது மிக எளிதாகத் தீட்டக்கூடிய படை?

ரஷ்யா. காலாட்படை ரெஜிமெண்ட்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே உடை: கரும்பச்சைக் கோட்டு, சிவப்பு மடிப்பு, சிவப்பு உட்சட்டை, சிவப்புக் கால்சட்டை. கொடியை மாற்றினால் ரெஜிமெண்ட் மாறிவிடும். 1758இல் ஸோர்ன்டார்ஃபிலும் 1759இல் குனர்ஸ்டார்ஃபிலும் இந்தப் பச்சைச் சுவரை உடைக்கப் பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக் பட்ட பாட்டை எண்ணினால், தீட்டுவதற்கு எளிது என்பதற்காக இப்படையைக் குறைத்து மதிப்பிட மாட்டீர்கள்.

எறிகுண்டு வீரர்களின் தொப்பியைப் பற்றி?

பிரஷ்யர்களுக்கு உயர்ந்த கூம்புத் தொப்பி; முன்புறம் பித்தளை அல்லது வெள்ளி நிறத் தகடு, பின்புறம் வண்ணத் துணி. ஃபியூசிலியர் தொப்பியும் இதே இனம், உயரத்தில் குறைவு. தகட்டை நேரடியாக உலோக வண்ணத்தால் பூசாமல், முதலில் கரும்பழுப்பைப் பூசி, அதன்மேல் உலோக வண்ணத்தைத் தூரிகையில் துடைத்தெடுத்து மெல்லத் தேய்த்தால், செதுக்கிய கழுகும் எழுத்துகளும் தாமாகவே எழுந்து நிற்கும். ஆஸ்திரியர்களுக்குக் கரடித்தோல், அதில் தூய கறுப்பைவிடக் கரும்பழுப்பு அழகு. பிரிட்டிஷ் தொப்பி துணியால் ஆனது, மடிப்பு நிறத்தில் முன்புறம், அதில் மன்னரின் முதலெழுத்தும் முடியும், கீழே சிறிய சிவப்பு மடலில் ஹனோவரின் வெள்ளைக் குதிரை. 28 மில்லிமீட்டரில் அந்தக் குதிரையை நான்கு கால்களோடு வரைய முயன்றவர்கள் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள். வளைந்த முதுகும் வாலும் போதும்.

டிரம் அடிப்பவரை எப்படித் தீட்டுவது?

பிரிட்டிஷ் ரெஜிமெண்ட்களில் நிறங்களைத் தலைகீழாக்குங்கள்: மஞ்சள் மடிப்பு ரெஜிமெண்டின் டிரம் வீரருக்கு மஞ்சள் கோட்டு, சிவப்பு மடிப்பு. அரச ரெஜிமெண்ட்களில் மட்டும் கோட்டு சிவப்பாகவே இருக்கும். பிரஷ்யாவில் கோட்டு நீலமே. அதன்மேல் ஏராளமான நாடா தைக்கப்பட்டிருக்கும்.

கொடிகளில் மிகுதியாக நேரும் பிழை எது?

பிரிட்டிஷ் ஒன்றியக் கொடியில் மூலைக்கு மூலை ஓடும் சிவப்புப் பட்டை. அயர்லாந்தைக் குறிக்கும் அந்தப் பட்டை 1801இல்தான் சேர்க்கப்பட்டது. இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்ட இன்றைய கொடியை மிண்டனுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது கொடி மடிப்பு நிறத்தில் இருக்கும், மூலையில் சிறிய ஒன்றியக் கொடியுடன்.

பிரெஞ்சு ரெஜிமெண்ட் கொடியில் நடுவே வெள்ளைச் சிலுவை, நான்கு மூலைகளிலும் ரெஜிமெண்டுக்குரிய நிறங்கள். ஆஸ்திரியக் கொடி மஞ்சள், இருதலைக் கழுகு, ஓரத்தில் தீநாக்கு போன்ற அலைகள். முதன்மைக் கொடி வெள்ளை, அதில் மரியன்னை. பிரஷ்யக் கொடியில் கழுகும், "புகழுக்கும் தாய்நாட்டுக்கும்" என்று பொருள்படும் "ப்ரோ குளோரியா எட் பாட்ரியா" என்ற லத்தீன் வாசகமும். காகிதக் கொடியை ஒட்டியபின் அதன் வெள்ளை விளிம்பில் அதே நிற வண்ணத்தைத் தொட்டுவிட மறக்க வேண்டாம்.

தொப்பியின் ஓர நாடாவையும் பொத்தான்களையும் ஒவ்வொன்றாகத் தீட்டத்தான் வேண்டுமா?

நாடாவைத் தீட்டுங்கள், கறுப்புத் தொப்பியின் விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடு தூரத்திலிருந்து வீரரைப் படிக்க உதவுகிறது. பிரிட்டிஷ் நாடாவின் உள்ளே ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் மாறும் வண்ண இழைகளை 15 மில்லிமீட்டரில் விட்டுவிடலாம். பொத்தான்களுக்குத் தூரிகை நுனியால் ஒரு புள்ளி; பல் குத்தும் குச்சி இன்னும் நன்றாக வேலை செய்யும்.

நாடா எவ்வளவு பெரிய பொருள் என்பதை 1760ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. ஜூலையில் டிரெஸ்டன் முற்றுகையின்போது, நகரத்திலிருந்து வெளியே பாய்ந்த எதிரியின் முன் பிரஷ்யாவின் பெர்ன்பர்க் ரெஜிமெண்ட் பின்வாங்கியது. சினம் கொண்ட ஃபிரெடரிக், வீரர்களின் குறுவாள்களைப் பறிக்கவும் தொப்பி நாடாக்களை அகற்றவும் உத்தரவிட்டார். போர்வீரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் அன்று இல்லை. ஆகஸ்ட் 15 அன்று லீக்னிட்ஸ் களத்தில் அதே ரெஜிமெண்ட் துப்பாக்கி முனைக் கத்தியோடு முன்னேறி எதிரியைத் தாக்கி, இழந்ததை மன்னரிடமிருந்து திரும்பப் பெற்றது. ஆகவே லீக்னிட்ஸ் காலைக்கு என்று இந்த ரெஜிமெண்டைத் தீட்டுபவர்கள் நாடாவைத் தீட்டக் கூடாது, குறுவாளைச் செதுக்கி நீக்கிவிட வேண்டும். நாடா தீட்டச் சோம்பல்படுபவர்களுக்கு வரலாறு அளித்த ஒரே சலுகை இது.

ஒரே நிறத்துக்கு மூன்று இடங்களில் மூன்று பெயர்கள் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

சாயத் தொட்டி ஒவ்வொரு முறையும் ஒரே நிறத்தைக் கொடுக்கவில்லை. வெயில் ஒரே அளவில் வெளுக்கச் செய்யவில்லை. "வெளிர்மஞ்சள்" என்பதற்கும் "எலுமிச்சை மஞ்சள்" என்பதற்கும் இடையே நடக்கும் சண்டைகளில் நான் கலந்துகொள்வதில்லை. ஒரு பட்டாலியனுக்குள் (ரெஜிமெண்டின் போர்க்களப் பிரிவு) ஐந்தாறு கோட்டுகளைச் சற்றே மாறுபட்ட சாயலில் தீட்டினால், அது பிழையாகத் தெரியாது, பழக்கப்பட்ட படையாகத் தெரியும். ஆனால் மடிப்பு நிறத்தில் மஞ்சளுக்குப் பதில் பச்சையைப் பூசினால் அது வேறு ரெஜிமெண்ட்.

நண்பனையும் பகைவனையும் அவர்களே எப்படிப் பிரித்தறிந்தார்கள்?

பல வேளைகளில் கடினப்பட்டே. 1757 டிசம்பர் 5 அன்று லாய்ட்டன் களத்தில் ஆஸ்திரியர்களின் இடப்பக்கத்தில் நின்ற வூர்ட்டம்பெர்க் படையினர், பிரஷ்யர்களைப் போலவே கருநீலம் அணிந்தவர்கள். ஆஸ்திரியத் தரப்பினர் தொப்பியில் பச்சை இலைக் கொத்து செருகுவது வழக்கம். பொம்மைத் தொப்பியின் மேல்மடிப்பில் பச்சைப் புள்ளிகள் இரண்டோ மூன்றோ வைத்தால் அந்த இலை வந்துவிடும். வெள்ளைப் படைக்கு அது நல்ல துணைநிறமும்கூட.

வந்தவாசிப் போரைத் தீட்ட முடியுமா?

முடியும், அதுவும் இந்தப் போரின் ஒரு களமே. 1760 ஜனவரி 22 அன்று ஐர் கூட்டின் பிரிட்டிஷ் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை அங்கே தோற்கடித்தது. ஓராண்டு கழித்துப் புதுச்சேரியும் வீழ்ந்தது. தீட்டுபவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. லாலியின் சொந்த ரெஜிமெண்ட் ஐரிஷ் ரெஜிமெண்ட். சிவப்புக் கோட்டு, பச்சை மடிப்பு. எனவே பிரெஞ்சு வரிசையில் லொரெய்ன் ரெஜிமெண்ட் வெள்ளையிலும், அதனோடு நின்ற லாலி ரெஜிமெண்ட் எதிரியைப் போன்ற சிவப்பிலும் இருக்கும். விருந்தினர்கள் "இவர்களைத் தவறான பக்கத்தில் வைத்துவிட்டீர்கள்" என்று கட்டாயம் சொல்வார்கள்.

ஒரு பட்டாலியனுக்கு எத்தனை பொம்மைகள் வைக்க வேண்டும்?

விளையாட்டு விதிகளைப் பொறுத்தது. 28 மில்லிமீட்டரில் இருபத்துநான்கு முதல் முப்பத்தாறு வரை வைத்தால் வரிசை வரிசையாகத் தெரியும். அதற்குக் கீழே போனால் காவல் குழுபோல் ஆகிவிடும். 6 மில்லிமீட்டரில் அறுபது வைத்தாலும் ஒரு மாலையில் முடித்துவிடலாம், ஏனெனில் அங்கே கோட்டு, கால்சட்டை, வார், தொப்பி, முகம் ஆகிய ஐந்தே பூச்சுகள்தான். பிரஷ்யப் பட்டாலியனில் ஐந்து மஸ்கெட்டியர் கம்பெனிகள் இருந்தன. எறிகுண்டுக் கம்பெனி போரின்போது பிரிந்துபோய், வழக்கமாக மற்றொரு ரெஜிமெண்டின் எறிகுண்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து தனிப் பட்டாலியனாக நின்றது. எனவே மும்முனைத் தொப்பிகளின் ஓரத்தில் நான்கு கூம்புத் தொப்பிகளை ஒட்டவைக்க வேண்டாம். அவர்களைச் சேர்த்துவைத்துப் பின்னர் தனி அலகாகத் தீட்டுங்கள். ஓர் அலகிலேயே இரண்டு ரெஜிமெண்ட்களின் மடிப்பு நிறங்களைக் காட்டலாம்.